முருங்கைக்காய்க் கட்சி குருவம்மாள் அக்கா

செவ்வாய்க்கிழமை காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் அலுவலகத்துக்குக் கிளம்பி வண்டியை எடுக்கும்போது போன் அடித்தது. திரையில் ‘எதிரணி அக்கா’ என்று வந்தது. அவருடைய எண்ணை நான் அப்படித்தான் பதிந்து வைத்திருந்தேன். எடுத்த எடுப்பிலேயே, “என்னக்கா, காலங்காத்தால எதிரணிக்கு மெரட்டலா?” என்று கேட்டேன். பேசியது அவருடைய மகள். “மாமா, அம்மா விடியக்காலைல தவறிட்டாக” என்றாள். வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குருவம்மாள் அக்கா ராஜபாளையத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் கோயில் பொங்கலுக்குப் பட்டிமன்றம் கேட்க வந்தவர்களுக்கு அவர் முருங்கைக்காய்க் கட்சிக்காரர். “சத்தில் சிறந்தது மாம்பழமா, முருங்கைக்காயா?” என்பதுதான் எங்கள் தலைப்பு. மாம்பழத்துக்கு நான், முருங்கைக்காய்க்கு அவர், தீர்ப்புச் சொல்ல ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் பரமசிவம் ஐயா. அணிக்கு மூன்று பேர் என்று கூட்டினால் கோயில் கமிட்டிக்குக் கட்டுப்படியாகாது.

முதன்முதலாக அவரோடு தளவாய்புரத்தில்தான் மேடையேறினேன். முருங்கைக்காய் என்று அவர் சொன்னதுமே ஆண்கள் பக்கம் ஒரே சிரிப்பு, விசில். எனக்கே சங்கடமாகப் போய்விட்டது. அக்கா அசையவில்லை. மைக்கின் உயரத்தைத் தனக்குத் தக்கபடி இறக்கிக்கொண்டார். பிறகு, “சிரிச்சு முடிச்சாச்சா? யாருக்காச்சும் பாக்கி இருந்தா சிரிச்சிருங்க. பொறவு சத்தைப் பத்திப் பேசுவோம்” என்றார். பெண்கள் பக்கமிருந்து வந்த கைதட்டலில் எனக்கு வேர்த்துவிட்டது. வைட்டமின் சி மாம்பழத்தைவிட முருங்கைக்காயில்தான் அதிகம், நார்ச்சத்து உண்டு, சர்க்கரை நோய்க்காரர் பயப்படாமல் சாப்பிடலாம் என்று வரிசையாக அடுக்கினார். அன்று நான் மண்ணைக் கவ்வினேன்.

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கம் திரும்பி, “தம்பி, எம் பேச்சுல ஒரு ஓட்டை இருக்கு. வைட்டமின் சி சூடு தாங்காது. சாம்பார்ல கொதிக்கையில எம்புட்டோ போயிரும். மாம்பழத்தை அப்படியே திங்கோம். அதை நீங்க கேட்டிருக்கணும்லா?” என்றார். எதிரணிக்கே ஆயுதம் எடுத்துக் கொடுக்கும் ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதன்பிறகு ஒவ்வொரு பயணத்திலும் இதே கூத்துதான். என் கட்சியை அவர் பேசிக் காட்டுவார், அவர் கட்சியை நான் பேச வேண்டும். சில நேரம் கண்டக்டர் நடுவராகிவிடுவார்.

கைதட்டலுக்காக இல்லாத சத்தைச் சொல்வது மட்டும் அவருக்கு ஆகாது. ஒருமுறை தேவதானத்தில் பரமசிவம் ஐயா அவருக்கு உதவுவதாக நினைத்து, “முருங்கையில் இல்லாத இரும்புச் சத்தா?” என்று எடுத்துக் கொடுத்தார். “ஐயா, அது கீரையில. காய்ல அம்புட்டு இல்ல. கீரையோட பேரைத் தூக்கிக் காய்க்குக் குடுக்காதீக” என்று மேடையிலேயே மறுத்துவிட்டார். அன்று அவர் தோற்றார். வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. சொந்த ஊரில் ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும். வத்திராயிருப்பில் ஜெயித்தார், எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஜெயித்தார். ராஜபாளையத்தில் மட்டும் பருப்பு வேகவில்லை. மாந்தோப்புக்காரர்கள் முன்வரிசையில் உட்காரும் ஊர் அது. அவர்கள் தோப்பில் விளையும் சப்பட்டை மாம்பழத்தின் பேரை நான் எடுத்தாலே போதும், ஜனம் எனக்காகக் கத்தும். “மாம்பழம் விக்கிற ஊர்ல முருங்கைக்காயை ஜெயிக்க வைக்காம விட மாட்டேன்” என்பார் அக்கா. அது விளையாட்டுப் பேச்சில்லை என்று எனக்குத் தெரியும்.

போன சித்திரையில் கோயில் பொங்கலுக்கு ராஜபாளையத்தில் மறுபடி எங்களை அழைத்தார்கள். அப்போது அக்கா சிகிச்சைக்காக மதுரைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். பாதியாக இளைத்து, தலையில் துணி கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. நானும் பரமசிவம் ஐயாவும் மேடைக்குப் பின்னால் டீ குடிக்கும்போது பேசி வைத்துக்கொண்டோம். நான் சுமாராகப் பேச வேண்டியது, ஐயா முருங்கைக்காய்க்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியது. அப்படியே மாம்பழத்தின் ருசியையும் மணத்தையும் வழவழவென்று பேசிவிட்டு, சத்துப் பக்கமே போகாமல் வந்து உட்கார்ந்தேன்.

அக்கா எழுந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிடிபட்டுவிட்டேன்.

“தம்பிக்கு இன்னைக்கு மறதி போல. அவரு சொல்ல வேண்டியதையும் நானே சொல்லிருதேன்” என்று ஆரம்பித்தார். கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ மாம்பழத்தால் எவ்வளவு கிடைக்கிறது, முருங்கைக்காயில் அது எவ்வளவு சொற்பம் என்றார். சமைக்காமல் தின்பதால் சூட்டில் எதுவும் வீணாவதில்லை என்றார். காயைக் கண்டால் அழுகிற பிள்ளைகூட மாம்பழத்தைக் கேட்டு வாங்கித் தின்கிறது, வயிற்றுக்குள் போனால்தானே அது சத்து என்றார். அதற்குப் பிறகுதான் தன் கட்சிக்கு வந்தார். அதிலும் ஒரு குறை வைக்கவில்லை. ஆனால் ஜனம் அதற்குள் மாம்பழத்துக்குக் கத்தி முடித்திருந்தது. பரமசிவம் ஐயா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் மாம்பழத்துக்கே தீர்ப்புச் சொன்னார். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவ்வளவு வெட்கத்தோடு நான் பொன்னாடை வாங்கியதே இல்லை.

மேடையிலிருந்து இறங்க அவருக்குக் கை கொடுத்தேன். “ஏன்க்கா இப்படிச் செஞ்சீக? ஜெயிச்சிருக்கலாம்லா?” என்றேன்.

“நீங்க விட்டுக்குடுத்து நான் ஜெயிக்கவா? எனக்கு ஒடம்புக்குத்தான் சொகமில்ல தம்பி, வாய்க்கு ஒண்ணுமில்ல. அடுத்த பொங்கலுக்கு ஒழுங்காப் பேசுங்க. ஒழுங்காத் தோக்கடிக்கேன்” என்று சொல்லிச் சிரித்தார்.

அந்த அடுத்த பொங்கல் அவருக்கு வாய்க்கவில்லை. அது ஒன்றுதான் எனக்கு ஆறவில்லை. மற்றபடி, அவரை எப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது ராஜபாளையம் கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். “வார பொங்கலுக்கு அதே தலைப்பை வைப்போமா? அக்கா நெனைப்பா இருக்கும். காய்க்கு யாரைப் போட?” என்று கேட்டார்.

“என்னையப் போடுங்க. மாம்பழத்துக்கு உங்க ஊர்லயே நல்லாப் பேசுற ஆளாப் பாத்துப் போடுங்க” என்றேன்.

அக்கா, உங்கள் ஊரில் உங்கள் கட்சிக்காக நிற்கப் போகிறேன். ஜெயிப்பேனா என்று தெரியாது. நடுவர் உங்களை நினைத்துக் கண் கலங்கி முருங்கைக்காய்ப் பக்கம் சாயப் பார்த்தால், மைக்கை வாங்கி மாம்பழத்தின் சத்து முழுவதையும் நானே சொல்லிவிடுவேன். போய் வாருங்கள்.