மாமி ஃபுல் டேங்க் அடித்த நாள்

போன கிழமை என் சின்னக் காரைச் சேர்விசுக்கு விட்டிருந்தேன். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், கண்ணாடிச் சுவரும் குளிர்சாதனமும் வைத்துக் கட்டிய புது இடம். "பெற்றோல் ஃபில்டரையும் ஒருக்கா பாருங்கோ தம்பி" என்றேன். மேசைக்குப் பின்னால் நின்ற பிள்ளை சிரித்தான். "அன்ரி, இந்த மொடலில ஃபில்டர் டேங்குக்கு உள்ள இருக்கு. அதை ஒருத்தரும் தொடுறேல்லை. நீங்கள் மேல போய் இருந்து கோப்பி குடியுங்கோ." சொன்னபடி மேலே போய் இருந்தேன். கோப்பியும் குடித்தேன். கீழே யாரோ ஒரு குழாயைக் கழற்றியிருக்க வேண்டும். கதவு திறந்து மூடியபோது பச்சைப் பெற்றோல் மணம் உள்ளே வந்தது. அவ்வளவுதான், நான் கொட்டாஞ்சேனைக்குப் போய்விட்டேன்.

எல்லோருக்கும் கலியாண வீடு என்றால் பூ மணமும் பலகார மணமும் நினைவுக்கு வரும். எனக்குப் பெற்றோல். சிரிக்காமல் கேட்பீர்கள் என்றால் சொல்கிறேன்.

அப்போது நான் பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகம் இறக்குமதி செய்யும் ஒரு கந்தோரில் டைப்பிஸ்ட். கார்புரேட்டர், கஸ்கெட், ஃபியூல் ஃபில்டர், ஃபேன் பெல்ட் என்று நாள் முழுக்க அடிப்பேன். ஒன்றைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. கஸ்கெட் என்றால் ஏதோ பெட்டி என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். அதே கந்தோரில் வேலை செய்த அன்ரனைக் கட்டிக்கொண்டேன். நான் யாழ்ப்பாணத்துச் சைவம், வெள்ளவத்தையில் குடியிருந்தவள். அவர் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். இரண்டு பக்கமும் கொஞ்சக் காலம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். பிறகு தூக்கி அலுத்துப்போய் இறக்கிவிட்டார்கள். நான் கொட்டாஞ்சேனை வீட்டுக்கு மருமகளாகப் போனேன்.

அந்த வீட்டின் முன்பக்கத்துக் கராஜில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. தேயிலைக் கொம்பனி வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பியபோது மாமா, அதாவது அன்ரனின் அப்பா, ஆசைப்பட்டு வாங்கியது. முன்னுக்கு இரண்டு பேர் இருக்கலாம். பின்னுக்கு ஒரு பலாப்பழம் வைக்கலாம், அதுவும் சின்னப் பழமாக இருந்தால். நான் அந்த வீட்டுக்குப் போவதற்கு முன்பே மாமா காலமாகிவிட்டார். ஆனால் சாவதற்கு முன் தன் ஒரே மகள் றீட்டாவிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: "ஒன்ட கோயிங் எவேக்கு இந்தக் கார்தான்." அந்தப் பக்கத்துக் கலியாணத்தில் விருந்து முடிந்ததும் பெண் உடை மாற்றிக்கொண்டு வருவாள். மாப்பிள்ளையும் அவளும் காரில் ஏற, சனம் முழுக்கத் தெருவில் நின்று கைகாட்டி அனுப்பும். அதுதான் கோயிங் எவே. பூசையை விட அதைப் பார்க்கத்தான் சிலர் வருவார்கள்.

றீட்டாவுக்குக் கலியாணம் சரிவந்தது. கார்தான் சரிவரவில்லை.

சண்டை நடந்த அந்தக் காலத்தில் காரோட்டியவர்களுக்குத் தெரியும். செக் பொயின்ற்றைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை இறக்கி, எஞ்சினை நிற்பாட்ட வேண்டும். நிற்பாட்டினால் எங்கள் கார் திரும்ப உயிர் பெறாது. கலியாணத்துக்கு முதல் மாதம் அன்ரனும் றீட்டாவும் சட்டை தைக்கக் கொடுக்கப் பாமன்கடைப் பக்கம் போனார்கள். செக் பொயின்ற்றில் நிற்பாட்டிய கார் நின்றபடியே நின்றுவிட்டது. எஞ்சின் நின்ற வண்டியைப் பார்த்து, குண்டு வைத்த வண்டியோ என்று சிப்பாய்களின் முகம் மாறியதாம். இரண்டு பேரையும் இறக்கி, சீற்றைக் கழற்றி, பொனற்றைத் திறந்து, அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பின்னேரம் வரை வைத்திருந்தார்கள். றீட்டா அழுதழுது வீங்கிய கண்ணோடு வந்தாள்.

மாமி, அதாவது அன்ரனின் அம்மா, அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "வேன் பிடிப்பம். கலியாணப் பொண்ண நான் அந்தச் சனியனில ஏத்த மாட்டேன்."

"அப்ப நான் நடந்தே போறன்" என்றாள் றீட்டா. "அப்பா சொன்னது அப்பா சொன்னதுதான்."

காரைத் திருத்த ஆள் இல்லாமல் இல்லை. மட்டக்குளியிலிருந்து பியல் பாஸ் வருவார். மெக்கானிக்கைப் பாஸ் என்று சொல்வதுதான் எங்கள் வழக்கம். தங்கமான மனிதர். வந்து பெற்றோல் ஃபில்டரை மாற்றி, கார்புரேட்டரைக் கழுவிப் பூட்டுவார். காசு கொடுப்போம். கார் ஒரு கிழமை குதிரை மாதிரி ஓடும், அடுத்த கிழமை இருமும், அதற்கடுத்த கிழமை படுத்துவிடும். ஒவ்வொரு முறையும் பாஸ் பழைய ஃபில்டரைக் கையில் வைத்துத் தலையைச் சொறிந்துகொண்டு மாமியிடம் கேட்பார். "நோனா, எங்கேருந்து வாறது இந்தக் குப்பை?" அப்போது மாமி உள்ளே போய்விடுவார். அன்ரன் கூரையைப் பார்ப்பார். புதிதாக வந்தவள் நான், என்ன ஏது என்று விளங்காமல் தேநீர் ஊற்றிக்கொடுப்பேன்.

கலியாணம் சனிக்கிழமை. வியாழக்கிழமை போயா, பௌத்தர்களின் பௌர்ணமி நோன்பு நாள். புதன் இரவே கார் மறுபடி படுத்துவிட்டது. பியல் பாஸ் வெள்ளை உடுத்துக்கொண்டு சில் எடுக்க, அதாவது நோன்பிருக்க, களனி விகாரைக்குப் போய்விட்டார். போயா நாளில் அவரைக் கடவுளே வந்து கேட்டாலும் ஸ்பானர் தொட மாட்டார். கந்தோரிலிருந்து நல்லகாலத்துக்கு இரண்டு ஃபில்டர் வாங்கி வைத்திருந்தேன். "நான் மாத்திறன்" என்றேன். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. டைப் அடித்துப் பழகிய துணிச்சல்தான்.

அன்ரன் ஒரு வாளி நிறைய மண்ணை அள்ளிக்கொண்டு எட்ட நின்றார். நெருப்புப் பிடித்தால் கொட்டுவாராம். உதவி என்று அவர் சொன்னது அதைத்தான். அடுத்த சிக்கல் அந்தோனியார். கராஜை ஒட்டிய ஹோலில் அவருடைய படத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. "அணைக்கேலாது புள்ள, கலியாணம் முடியும் வரைக்கும் எரியோணும்" என்று மாமி ஒற்றைக் காலில் நின்றார். கடைசியில் அந்தோனியாரையும் மெழுகுதிரியையும் நான்தான் தூக்கிக்கொண்டுபோய் பின் குசினியில் இருத்தினேன். சைவப் பெட்டையின் கையில் அவர் ஒரு குறையும் சொல்லாமல் வந்தார்.

பற்றரி வயரைக் கழற்றினேன். பின்பக்கத்தை ஜக்கால் உயர்த்திக் கல் அடுக்கினோம். அந்தக் காரில் ஃபில்டர் பின்னுக்கு, டேங்குக்குக் கிட்ட இருந்தது. கீழே பாய் விரித்துப் படுத்துக்கொண்டு கிளிப்பைத் தளர்த்தினேன். றப்பர் குழாய் காய்ந்து ஒட்டிப்போயிருந்தது. முறுக்கினேன், திட்டினேன், கெஞ்சினேன். சடாரென்று கழன்று, பெற்றோல் என் கை வழியாக ஓடி முழங்கையைத் தாண்டி உடுப்புக்குள் புகுந்தது. குழாயை எதால் அடைப்பது? கொண்டையில் செருகியிருந்த கந்தோர்ப் பென்சில்தான் கைக்கு வந்தது. அளவெடுத்துச் செய்தது போல அது குழாய்க்குள் போய் உட்கார்ந்தது. அன்றைக்கு நான் என்னைப் பெரிய எஞ்சினியர் என்றே நினைத்துக்கொண்டேன்.

பழைய ஃபில்டரை வெளியே கொண்டுவந்து ஒரு வெள்ளைச் சோசரில் தட்டினேன். தேயிலைச் சாயம் மாதிரி மண்ணிறமாக ஊற்றியது. விரலால் தேய்த்துப் பார்த்தேன். துரு. எங்கள் ஊர்க் கிணற்றடியில் இரும்பு வாளியை அரைகுறைத் தண்ணீரோடு விட்டால், தண்ணீருக்கு மேலே உள்ள பகுதிதான் முதலில் துருப்பிடிக்கும். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இந்த வீட்டில் நான் வந்த நாளிலிருந்து ஒரு தடவையாவது டேங்கை நிரப்பியதைக் கண்டதில்லை. எங்காவது போவதென்றால் போத்தலைக் கொண்டுபோய் வாங்கி ஊற்றுவார்கள். சிக்கனம் என்று நினைத்திருந்தேன்.

"மாமி, டேங்க் வெறுமையாக் கிடந்து உள்ளுக்குத் துருப்பிடிச்சிட்டுது. ஏன் நிரப்பிறேல்லை?"

மாமி கதவுப் பக்கம் கை காட்டினார்.

"எண்பத்து மூணு கலவர நேரம் எதிர்வீட்டுத் தமிழ் டொக்டர்ட கார் வாசல்ல நிண்டது. டியூப் போட்டு அதுல இருந்துதான் பெற்றோல் எடுத்தானுங்க. அவர்ட பெற்றோலாலயே அவர்ட வீட்டக் கொளுத்தினானுங்க. நான் ஜன்னலால பார்த்தேன் புள்ள. அண்டைலருந்து நம்மட வாசல்ல பெற்றோல் நிக்க விட்டதில்ல."

இதைப் பியல் பாஸிடம் யார் சொல்வது? ஒரு சிங்கள மனிதரிடம், அதுவும் நல்ல மனிதரிடம், இதை என்னவென்று சொல்வது? அதனால்தான் அவர் கேட்கும்போதெல்லாம் இந்த வீடு கூரையைப் பார்த்தது. காரைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. வீட்டைப் பற்றித் தெரிந்தால்தான் அந்தக் குப்பை எங்கேயிருந்து வருகிறது என்று தெரியும்.

"மாமி, புது ஃபில்டரைப் போட்டிட்டன். ஆனா வெறும் டேங்கோட ஓடினா அடியில கிடக்கிற ஊத்தையெல்லாம் இழுத்து, சனிக்கிழமைக்கு முதல் இதுவும் அடைச்சிடும்" என்றேன். றீட்டா தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாமி எழுந்து உள்ளே போனார். அழப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கோயிலுக்கு உடுக்கும் சேலையை உடுத்துக்கொண்டு, கைப்பையோடு வெளியே வந்தார். "அன்ரன், கார எடு" என்றார். புருஷன் வாங்கிய அந்தக் காரின் முன் சீற்றில், கலவரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஏறினாராம். நான் பெற்றோல் நாறும் உடுப்போடு பின்னால், பலாப்பழம் வைக்கும் இடத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தேன். பெற்றோல் ஷெட்டில் கார் நின்றதும் பம்ப் அடிக்கிற பெடியன் வழக்கம் போலப் போத்தலைத் தேடினான். மாமி கண்ணாடியை இறக்கி, தம்பி என்று அவனைச் சிங்களத்தில் கூப்பிட்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"மல்லி, ஃபுல் டேங்க்!"

பெற்றோல் போகப் போக மாமியின் கை கதவை இறுக்கிப் பிடித்திருந்தது. மூடியை மூடிய பிறகுதான் விட்டார்.

வெள்ளிக்கிழமை பியல் பாஸ் வந்து குனிந்து பார்த்தார். ஒரு கிளிப்பை மட்டும் கொஞ்சம் இறுக்கினார். டேங்க் முள் மேலே நிற்பதைக் கண்டு கேள்வியோடு திரும்பினார். மாமியே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார், முதல் தடவையாக. பாஸ் கையைத் துணியால் துடைத்தார். "சொல்லியிருக்கலாம் நோனா" என்றார். "நாளைக்கு நானும் வாறேன்."

சனிக்கிழமை பின்னேரம் றீட்டா அந்தச் சிவப்புக் காரில் ஏறினாள். மாப்பிள்ளை ஓட்டினார். கல்கிசை ஹோட்டல் வரை போக வேண்டும். நாங்கள் பின்னால் வேனில் போனோம். பியல் பாஸ் என் பக்கத்தில். செக் பொயின்ற் வந்தது. சிப்பாய் கையைக் காட்டினான். எஞ்சின் நின்றது. அவன் குனிந்து உள்ளே பார்த்தான், பூவைப் பார்த்தான், சிரித்தான். "அலுத் ஜோடுவத?" என்று கேட்டான். புது ஜோடியா என்று. பிறகு "யன்ன, யன்ன" என்று போகச் சொன்னான். மாப்பிள்ளை சாவியைத் திருப்பினார்.

ஒரே திருப்பு. கார் உறுமிக்கொண்டு கிளம்பியது!

நாங்கள் வேனுக்குள் கத்திய கத்தலில் சிப்பாய்கள் பயந்திருக்க வேண்டும். மாமி என் தலையைப் பிடித்து, பெற்றோல் மணம் போகாத கொண்டையில் முத்தமிட்டார். பியல் பாஸ், ஏதோ தானே செய்தது போல, முன்னால் இருந்தவருக்குக் கைகொடுத்தார். என் வாழ்க்கையில் நான் படித்துப் பெற்ற எந்தச் சான்றிதழும் அந்த உறுமலுக்குக் கிட்ட வராது.

இப்போது அந்தக் கார் நுவரெலியாவில் பழைய கார் சேர்க்கும் ஒருவரிடம் இருக்கிறது. மாமியும் பியல் பாஸும் போய்விட்டார்கள். கொட்டாஞ்சேனை வீட்டை இடித்து மாடி கட்டிவிட்டார்கள். செக் பொயின்ற் இருந்த இடத்தில் ஒருவர் தேசிக்காய்த் தண்ணீர் விற்கிறார். பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலமும் வந்து போய்விட்டது. மற்றவற்றை நினைத்தால் மனம் கனக்கிறது. செக் பொயின்ற் போனதற்கு நான் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

சென்ற வருடம் றீட்டாவின் ஆறு வயதுப் பேத்தி கனடாவிலிருந்து வந்திருந்தாள். இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். போத்தல் வரும் இடத்தில் மறித்தாள்.

"பெற்றோலுக்கு ஏன் பயப்பட்டவை? அது கார் ஓடத்தானே?"

நான் வாயைத் திறந்தேன். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்தேன்.

"ஓம் அம்மா" என்றேன். "கார் ஓடத்தான்."