கட்டத்துக்கு என்ன பேர்?

பக்கம் திறந்ததும் அக்பெனே நேராகக் கடைசி வரிக்குத்தான் போவார். மேலே யார் என்ன கேட்டார்கள், எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்பதெல்லாம் பிறகு. கீழே தேதி இருக்கிறதா, கேட்டவர் திரும்பி வந்து ஒரு நன்றி சொல்லியிருக்கிறாரா என்று பார்ப்பார். இருந்தால் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொள்வார். இல்லாவிட்டால் அந்தப் பக்கத்துக்கு அவ்வளவுதான் ஆயுள். “மருந்து குடிச்சவன் எந்திரிச்சு நடந்தானா இல்லையான்னு தெரியாம, நான் ஏன் அதை வாங்கிக் குடிக்கணும்?” என்பார்.

அகாட்சி மாவட்டக் கோர்ட்டுக்கு எதிரில், நீலப் பெயின்ட் அடித்த கன்டெய்னர் பெட்டி ஒன்றில் அவர் கடை. ‘கடவுள் சித்தம் டைப்பிங்’ என்று பலகை. வயது ஐம்பத்தொன்று. பதினெட்டு வருடம் கோர்ட்டுக்குள்ளேயே டைப்பிஸ்டாக இருந்தவர் என்பது அவர் கட்டைவிரலைப் பார்த்தாலே தெரியும். பழைய இரும்பு மெஷினுக்குக் கொடுத்த அதே குத்தைத்தான் இன்றும் இடைவெளிக் கட்டைக்குக் கொடுக்கிறார். வருடத்துக்கு இரண்டு கீபோர்டு அதில் உயிரை விடும். ஊருக்கே அவர் ‘டாவி’. அக்கா. அவரைவிடப் பத்து வயது மூத்த குமாஸ்தாக்களும் டாவி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

கடையில் இரண்டு கம்ப்யூட்டர்கள், இரண்டிலும் லினக்ஸ். முன்பு வேறொரு சிஸ்டத்தின் திருட்டு நகலை வைத்துத்தான் ஓட்டினார். ஒரு காலையில் வைரஸ் வந்து நாற்பது பிரமாணப் பத்திரங்களைத் தின்றுவிட்டுப் போனது. அன்று மாறியவர்தான். “இது காசு கேக்காது. வாசிப்பியான்னு மட்டும் கேக்கும்” என்று அதற்கு நற்சான்று கொடுப்பார். அவர் வாசிப்பார். திரையின் மேல் மர அடிக்கோலை வைத்து, வரி வரியாக இறக்கிக்கொண்டே வாசிப்பார். மதியம் அபோலோ ரொட்டியும் பொரித்த சின்ன மீனுமாகச் சாப்பிடும்போது இடதுகைச் சுண்டுவிரல் பக்கத்தை உருட்டிக்கொண்டிருக்கும். மனிதர்களுக்கு இடதுகையை நீட்டக்கூடாது, மெஷினுக்கு அந்த வருத்தமெல்லாம் கிடையாது என்பது அவர் கட்சி.

கிடைத்த நல்ல பக்கங்களை அச்செடுத்து, துளை போட்டு, கோப்புகளில் வைத்திருக்கிறார். கோப்புகளின் முதுகில் எந்த மென்பொருளின் பெயரும் இராது. ‘பிரிண்டர் தூங்குது’, ‘சத்தம் வரலை’, ‘பாஸ்வேர்டு மறந்துட்டேன்னு அழறாங்க’, ‘நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு’. கடைசிக் கோப்புதான் தடிமனானது. கையேடு எழுதுகிறவர்கள் மேல் அவருக்கு ஒரே ஒரு குறை உண்டு. “மருந்தோட பேரை வெச்சு அடுக்கியிருக்கான். நோயாளிக்கு மருந்து பேர் தெரிஞ்சா அவன் ஏன்யா வர்றான்? வயித்துவலின்னு வர்றவனுக்கு வயித்துவலின்னுதானே எழுதி வைக்கணும்?”

பக்கத்துக் கன்டெய்னரில் செல்போன் பழுது பார்க்கும் எட்சே இதற்கு நேர் எதிர். அவர் எதையும் வாசிக்க மாட்டார், வீடியோ பார்ப்பார். இருவருக்கும் ஒன்பது வருடமாக இதே சண்டை. “ஒன்றரை மணிநேரமா கம்பராமாயணம் மாதிரி என்னத்த வாசிக்கிற” என்று கேட்கத் தமிழ் தெரியாத குறை எட்சேவுக்கு, அதற்கு ஈடாக, “டாவி, எபிரேயர் நிருபம் எத்தனாவது அதிகாரம்?” என்று குரல் கொடுப்பார்.

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை, சந்தை நாள், பள்ளி ஆசிரியர் புராஸ்பர் வந்தார். தாயார் அமேயோ காலமாகிவிட்டார், சனிக்கிழமை அடக்கம், அஞ்சலிப் புத்தகம் முந்நூறு பிரதி வேண்டும். இப்போதெல்லாம் எல்லோரும் இங்கிலீஷில்தான் போடுகிறார்கள். புராஸ்பர் முழுக்க ஊர்த் தாய்மொழியான எவேயில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். மீனைப் புகை போட்டு விற்ற அம்மா, ஐம்பத்தைந்து வயதில் எழுத்தறிவு வகுப்புக்குப் போய் வாசிக்கக் கற்றவள். எவே மட்டும்தான் வாசிப்பாள்.

அக்பெனே அடித்து, மாதிரிப் பக்கம் ஒன்றை அச்செடுத்தார். எழுத்துகளுக்கு நடுவே சின்னச் சின்னக் கட்டங்கள். கொக்கி போட்ட ƒ, வால் மடங்கிய ɖ, வருகிற இடமெல்லாம் கட்டம். திங்கட்கிழமை சிஸ்டம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. அந்த எழுத்துகளுக்கெல்லாம் எண்கள் உண்டு; 0192, 0256, 014B என்று அண்ணன் தம்பி போன் நம்பர் மாதிரி அவருக்கு மனப்பாடம். எண்ணைக் கொடுத்து அடித்துப் பார்த்தார். அதற்கும் கட்டம்தான் வந்தது.

“இதுக்கா இந்தப் பாடு?” எட்சே எட்டிப் பார்த்தார். “கொக்கி இல்லாத f-ஐப் போட்டு விடுங்க டாவி. சாவு வீட்டுக்கு வந்தவன் எழுத்தையா எண்ணிக்கிட்டு இருக்கப்போறான்?”

“எங்கம்மா எண்ணுவாங்க” என்றார் புராஸ்பர். கத்தவில்லை. எட்சே தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

எவேக்காரர்களுக்கு இது விளையாட்டல்ல. இரண்டு உதட்டையும் குவித்து விளக்கை ஊதி அணைப்பதுபோல் ƒ-ஐச் சொன்னால் ‘வாங்கினார்’. பல்லை உதட்டில் வைத்து f-ஐச் சொன்னால் ‘பிய்த்தார்’. இரண்டு வருடத்துக்கு முன் வேறோர் ஊரில் அச்சடித்த அஞ்சலிப் புத்தகத்தைப் போதகர் உள்ளது உள்ளபடி வாசித்துவிட்டார். ‘அப்பா எனக்குத் துணி பிய்த்தார், தம்பிக்குப் புத்தகம் பிய்த்தார்’ என்று போனது. சவப்பெட்டியை வைத்துக்கொண்டு சர்ச்சே சிரித்தது. அந்தக் குடும்பத்தை இன்னும் ‘பிய்த்தவர் வீடு’ என்கிறார்கள். புராஸ்பரின் இரண்டாவது பத்தி இப்படி இருந்தது: ‘தான் வெறுங்காலோடு நடந்து, அம்மா எனக்குச் செருப்பு வாங்கினாள்.’

“போயிட்டு சாயங்காலம் வாங்க” என்றார் அக்பெனே.

“கெடைச்சிருமா டாவி?”

“எவனாவது எழுதி வெச்சிருப்பான். எங்க வெச்சிருக்கான்னுதான் தெரியலை.”

எட்சே விடவில்லை. தன் போனைக் கொண்டுவந்து முகத்துக்கு முன் நீட்டினார். பதினோரு நிமிட வீடியோ. மூன்று நிமிடம் பாட்டு. அடுத்த ஐந்து நிமிடம் ஓர் இளைஞன் தன் சேனலில் சேரச் சொன்னான். கடைசியில் பார்த்தால் அது வேறு ஏதோ சிஸ்டத்துக்கு. அக்பெனே போனை அவர் சட்டைப்பையிலேயே போட்டார்.

பிறகு தேட ஆரம்பித்தார். ‘எழுத்துக்குப் பதில் கட்டம்’ என்று போட்டால் கட்டிடம் கட்டுகிறவர்கள் வந்தார்கள். ‘சதுரம்’ என்று போட்டால் கணக்குப் பாடம் வந்தது. ஒருவழியாகச் சரியான பக்கம் ஒன்று கிடைத்தது. தேதியைப் பார்த்தால் எட்டு வருடப் பழசு, அது சொன்ன கோப்பு இந்த மெஷினிலேயே இல்லை. அடுத்ததில், இதே தொல்லையைக் கேட்டிருந்தவர் மறுநாள் தானே வந்து, ‘விடுங்கள், சரியாகிவிட்டது’ என்று எழுதியிருந்தார். எப்படி என்று ஒரு வார்த்தை இல்லை.

“பாவிப்பய, தண்ணியைக் குடிச்சிட்டு வாளிக் கயிறையும் உருவிட்டுப் போயிருக்கான் பாரு.”

மூன்றாவதில், கேட்டவனிடம் ஒருவர் ‘கையேட்டைப் படி’ என்று எரிந்து விழுந்திருந்தார். “படிக்கிறேன் சாமி, எந்தப் பக்கம்னு சொல்லு” என்று அக்பெனே திரையிடம் சொன்னார்.

அடுத்த பக்கத்தில் முன்பின் தெரியாத இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதிக்கு மேல் வசவு. ஒருவர் போகிற போக்கில் ‘உன் டோஃபு தொல்லைக்குக் காரணம் எழுத்துரு’ என்று சொல்லியிருந்தார். அக்பெனேயின் அடிக்கோல் அங்கே நின்றது. டோஃபு என்றால் என்ன என்று தேடினார். சோயாவில் செய்கிற ஒரு தின்பண்டம். வெள்ளையாக, சதுரமாக இருக்கும்.

“எட்சே! இந்தக் கட்டத்துக்கு ஒரு பேர் வெச்சிருக்கானுங்க. அதுவும் தின்னுற பண்டம்.”

“என்னது, நம்ம வாகாஷிப் பால்கட்டி மாதிரியா?”

“அதே மாதிரிதான். வறுக்கிறதுக்கு முன்னாடி.”

“பேர் தெரிஞ்சு என்ன பண்ணப்போறீங்க?”

“பேர் தெரிஞ்சாத்தானேய்யா கூப்பிட முடியும்?”

கூப்பிடுவதற்குள் நெட் போய்விட்டது. சந்தை நாளில் மதியத்துக்கு மேல் அது இப்படித்தான். ஊரிலுள்ள கைகளெல்லாம் போனில் இருக்கும். எட்சே, “அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். அக்பெனே அந்தப் பக்கங்களை மூடிவிட்டு, மெஷினின் கறுப்புத் திரையைத் திறந்தார். கையேடுகள் எல்லாம் வெளியில்தான் இருக்கின்றன என்று உலகம் நினைக்கிறது. பாதி மெஷினுக்குள்ளேயே, யாரும் திறக்காத அறையில் கிடக்கிறது. மேனுவல் என்பதைச் சுருக்கி ‘மேன்’ என்று அடித்துப் பெயரைச் சொன்னால் அந்தக் கையேடு வரும். “உமன்னு அடிச்சாலும் வருதான்னு பாத்தேன். வரலை” என்பார், புதிதாகக் கேட்பவர்களிடம், சிரிக்காமல்.

எழுத்துருவைப் பற்றி உனக்குள் என்னென்ன கையேடு இருக்கிறது, பட்டியல் போடு என்று கேட்டார். நாற்பத்து மூன்று வரி வந்தது. அடிக்கோலை முதல் வரியில் வைத்தார். ஒவ்வொன்றாகத் திறந்து, வாசித்து, மூடினார். விவாகரத்துக்காரர் ஒருவர் பிரமாணப் பத்திரம் அடிக்க வந்து நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். பதினேழாவது கையேட்டில், பக்கத்தின் அடியில், யாரோ ஓர் உதாரணம் கொடுத்திருந்தார்கள்: ஒரு மொழியின் பெயரைச் சொன்னால், அந்த மொழியை எழுதத் தெரிந்த எழுத்துருக்களை மட்டும் மெஷின் காட்டும். மொழிக்கு இரண்டெழுத்துச் சுருக்கம். எவேக்கு என்ன சுருக்கம்? அதற்கும் ஒரு பட்டியல் உள்ளேயே இருந்தது. ee.

இரண்டு தட்டு தட்டினார். நான்கு பெயர்கள் வந்தன. நான்கும் ஆரம்பத்திலிருந்தே மெஷினில் இருந்தவை. புதுப்பித்தபோது முன்னால் வந்து உட்கார்ந்துகொண்ட புது எழுத்துருவுக்குத்தான் எவே தெரியவில்லை. முதல் பெயரைத் தேர்ந்தெடுத்து அச்சுக்குக் கொடுத்தார். தாள் வெளியே வந்தது. செருப்புக்குப் பக்கத்தில் ƒ, கொக்கியைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு நின்றது.

சாயங்காலம் நெட் திரும்பியது. வேலை முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை. மெஷினுக்கு எவே எப்படித் தெரியும் என்பது அவருக்கு உறுத்தியது. தேடிப் போனதில், ஒவ்வொரு மொழிக்கும் எந்தெந்த எழுத்து வேண்டும் என்று யாரோ தனித்தனியாகக் குறித்துவைத்த கோப்புகள் கிடைத்தன. எவேக்கும் ஒன்று. முழுவதும் எண்கள். 0192. 0256. 014B. அடிக்கோல் வரி வரியாக இறங்கியது. ஒன்றும் விட்டுப்போகவில்லை.

“யாரு எழுதினது?” என்று எட்சே கேட்டார்.

“தெரியலை. நம்ம ஊர்ப் பேர் மாதிரி இல்லை.”

“நம்மாளு இல்லாதவன் எதுக்கு நம்ம எழுத்தை எண்ணிட்டு உக்காந்திருக்கான்?”

அக்பெனே கண்ணாடியைக் கழற்றி, துணியின் முனையால் நெடுநேரம் துடைத்தார்.

சனிக்கிழமை சர்ச்சில் புராஸ்பரே வாசித்தார். செருப்பு வாங்கப்பட்டது. அந்த இடத்தில் அவருக்குக் குரல் உடைந்து, அந்த வரியை மறுபடி முதலிலிருந்து வாசித்தார். பின்வரிசையில் இருந்த அக்பெனேக்கு இரண்டு முறையும் தெளிவாகக் கேட்டது.

திங்கட்கிழமை, அந்த இரண்டு பேர் சண்டை போட்ட பக்கத்தின் அடியில் அவர் தன் குறிப்பை எழுதினார். இங்கிலீஷில், கோர்ட்டு வழக்கப்படி எண் போட்டு, ஒன்பது பத்திகள். முதல் பத்தியில் நோயைச் சொன்னார்: எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கட்டம், இதை டோஃபு என்றும் சொல்வார்கள். மூன்று வாரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எட்சே தினமும் காலையில், “என்ன டாவி, உங்க நிருபத்துக்கு மறுமொழி வந்துச்சா?” என்று விசாரித்தார்.

நேற்று வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், எவேயும் பிரெஞ்சும் புழங்கும் லோமேயிலிருந்து ஓர் அச்சுக்கடைக்காரர். பிரெஞ்சில் எழுதியிருந்தார். அக்பெனேக்குப் பிரெஞ்சு தெரியாது. நாலைந்து வரிக்கு நடுவே டோஃபு என்ற சொல்லும், தனியாக ஒரு ɖ-உம் மட்டும் தெரிந்த முகங்களாக நின்றன. அந்த ஓர் எழுத்து அவருக்கு இன்னும் கட்டமாகவே வருகிறது என்று புரிந்துகொள்ள அது போதும்.

இங்கிலீஷில் பதில் ஆரம்பித்தார். இரண்டு வரி அடித்துவிட்டு நிறுத்தினார்.

“அவனுக்கு இங்கிலீஷ் வருமா எட்சே?”

“லோமேக்காரனுக்கா? குட் மார்னிங் வரும்.”

“எவே எழுத்து வரலைன்னு அழறவனுக்கு எவே வராமலா போயிரும்?”

எட்சே திரையை எட்டிப் பார்த்து, மேலே சிவப்பில் இருந்த விதியைக் காட்டினார். “இங்க இங்கிலீஷ்லதான் எழுதணும்னு போட்டிருக்கான் டாவி. அழிச்சிருவானுங்க.”

“அழிக்கட்டும். அதுக்குள்ள அவன் படிச்சிருவான்.”

அழிக்கிற விசையை அழுத்திப் பிடித்தார். இரண்டு வரியும் எழுத்தெழுத்தாகப் பின்வாங்கி மறைந்தன. பிறகு முதுகை நிமிர்த்தி, எவே வீடுகளில் வாசலுக்கு வந்தவரிடம் வேறெதுவும் கேட்பதற்கு முன் சொல்கிற ‘வாங்க’வை அடித்தார்: Woezɔ.