வடிகட்டி டீச்சரின் வயிற்றெரிச்சல்

பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் வடிகட்டி டீச்சர். பள்ளியின் கடைசி இரண்டு வருடங்களில் உயர்கணிதம் எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு முதல் வாரமே ஒரு பரீட்சை வைப்பாள். தேறினால் உள்ளே, இல்லையென்றால் வேறு பாடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். இப்படிச் சலித்தெடுத்த பிள்ளைகள் மார்க் வாங்காமல் வேறென்ன செய்வார்கள்? அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. பட்டப்பெயர் காதில் விழுந்தபோதும் அவளுக்குக் கோபம் வரவில்லை, உள்ளுக்குள் குளிர்ந்துதான் போனாள்.

மூன்று பெண்களில் நடுப்பெண் அவள். மூத்தவளுக்கு அழகு, இளையவளுக்குச் செல்லம், இவளுக்குக் கணக்கு. நூற்றுக்கு நூறு வாங்கினால் மட்டும் அப்பா தலைநிமிர்ந்து பார்ப்பார். அதனால் நூறாகவே வாங்கித் தொலைத்தாள். கல்யாணத்துக்குப் பிறகும், கணவர் ஒரு படம் மாட்டினால் அரை அங்குலம் சாய்ந்திருக்கிறது என்பாள். சாய்ந்துதான் இருக்கும்.

இந்த வருடம் தலைமையாசிரியை அந்தப் பரீட்சையை நிறுத்திவிட்டார். ஆசைப்பட்டவர்கள் எல்லாரும் சேரலாம். சேர்ந்தவர்கள் பாதியில் ஓடாமல் இருக்க, ஆசிரியர்களுக்குக் கைகொடுக்கப் பயிற்சியாளர் ஒருவர் வருவார். அரையாண்டுக்குள் பெஞ்சுகள் காலியானால் உயர்கணிதம் வேறு ஆசிரியர் கைக்குப் போகும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். வந்த ஆளைப் பார்த்ததும்தான் அடிவயிறு எரிந்தது. இதே ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "அக்கா, இந்தக் கணக்கு வரமாட்டேங்குது" என்று அவளிடம் கையேந்தியவன்! நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளான், இவளுக்குப் பாடம் சொல்ல வந்துவிட்டது.

அவன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவள் வகுப்பைப் பார்த்தான். வகுப்பு முடிந்ததும், "அக்கா, கேள்வியைக் கேட்டுட்டு பதிலையும் நீங்களே சொல்லிடுறீங்க. கொஞ்சம் பொறுங்களேன்" என்றான்.

"பொறுத்தா பாடத்தை யாரு முடிக்கிறது? நீ முடிப்பியா?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்குத்தான் ஆசிரியர் அறையே மயங்கிக் கிடந்தது. இயற்பியல் ஆசிரியை தன் கோப்பையிலேயே அவனுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். இத்தனை வருடத்தில் இவளுக்கு ஒருநாள் கொடுத்திருப்பாளா?

"நீயே ஒரு வகுப்பு எடுத்துக் காட்டேன், தம்பி. கணக்கு நான் தர்றேன்" என்றாள். தலைமையாசிரியையையும் பார்க்கக் கூப்பிட்டாள். பொறி வைத்தால் நாலு பேர் முன்னால்தானே வைக்க வேண்டும்!

அவள் கொடுத்தது ஒரு வளைகோட்டின் மிக உயர்ந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கு. நடுவில் ஒரு மேடு இருக்கும், அவசரக்காரர்கள் அதையே விடை என்பார்கள். உண்மையில் கோடு முடிகிற வலது முனை அதைவிட உயரம்.

அவனும் மேட்டைக் கண்டுபிடித்து, அடியில் கோடு போட்டு, "இதுதான்" என்றான். அவளுக்குத் தொண்டையில் தேன் இறங்கியது. தலைமையாசிரியை பக்கம் திரும்பினாள்.

அப்போது பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. வாயே திறக்காத பெண். வடிகட்டும் பரீட்சை இருந்திருந்தால் உள்ளேயே வந்திருக்க மாட்டாள். "சார், கடைசி முனையைப் பார்க்கலையே. அங்க இன்னும் மேல போகுது."

"அட, ஆமா! நான் தப்பு. எப்படிக் கண்டுபிடிச்ச? வந்து சொல்லு." அந்தப் பெண் போய்ச் சொன்னாள். இன்னொருவன் மறுத்தான், மூன்றாவது ஆள் அவனை மறுத்தான். மணி அடித்தும் யாரும் எழவில்லை. தலைமையாசிரியை கைதட்டினார்.

வராந்தாவில் டீச்சர் அவனை மடக்கினாள். "வேணும்னே தப்பாப் போட்டியா?"

"இல்லக்கா, நிஜமாவே கோட்டை விட்டுட்டேன்."

அதுதான் தாங்கவில்லை. தப்புப் போட்டவனுக்குக் கைதட்டல். ஒரு தப்பும் போடாமல் ஆயுசைக் கரைத்தவளுக்கு என்ன கிடைத்தது? பிள்ளைகளின் கைகள் தனக்காகவும் ஒருமுறை உயர வேண்டும் என்று அவளுக்கு வெறியாகவே இருந்தது.

மறுநாள் அதே மாதிரி இன்னொரு கணக்கை எடுத்தாள். மேட்டோடு நிறுத்தி, அடியில் கோடும் போட்டு, "இதுதான் விடை" என்றாள். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாகப் பொறுத்திருந்தாள்.

பேனாக்கள் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. வரிசைவரிசையாக நடந்து பார்த்தாள். எல்லோரும் அழகாகக் காப்பி அடித்திருந்தார்கள். பின்வரிசைப் பெண் சரியான விடையை முன்னமே எழுதியிருந்தாள். அதை அடித்துவிட்டு, பக்கத்தில் டீச்சர் விடையை எழுதியிருந்தாள்.

"நான் போட்டது தப்புன்னு தெரியலையா?"

"தெரிஞ்சுது டீச்சர்."

"நேத்து சார்கிட்ட சொன்னியே. எங்கிட்ட ஏன் சொல்லல?"

அந்தப் பெண் எழுந்து நின்றாள்.

"பயமா இருந்துச்சு டீச்சர். வெளிய அனுப்பிடுவீங்களோன்னு."