இரண்டு ஓம் என்று எழுதினேன்

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். இது எனக்கு நடந்தது. அதுவும் இருட்டில் அல்ல, பட்டப்பகலில். இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் பயம் இல்லை. வெட்கம்.

என் பெயர் கிருபாகரன். தூத்துக்குடியில் எர்த் டெஸ்ட் செய்து சான்று கொடுப்பது என் வேலை. மோட்டாரில் கரண்ட் கசிந்தால் அது ஆளைப் பிடிக்காமல் மண்ணில் இறங்க வேண்டும். அதற்குத்தான் எர்த். 2023 மே 9, செவ்வாய்க்கிழமை, ஓர் உப்பளத்தில் மூன்று பம்ப் ஷெட்டுகளைச் சோதிக்கப் போயிருந்தேன். தனியாக.

மூன்றாவது ஷெட்டில் என் டெஸ்டர் நின்றுவிட்டது. பையில் சாதாரண மல்டிமீட்டர் இருந்தது. அதை வைத்து எர்த் பார்க்கக் கூடாது, எனக்குத் தெரியும். டெஸ்டர் அனுப்புவது ஏசி. திசை மாறி மாறி ஓடும். மல்டிமீட்டர் அனுப்புவது டிசி. ஒரே பக்கம் ஓடும். ஈர உப்பு மண்ணில் நட்ட கம்பிகள் தாமே பேட்டரி மாதிரி வேலை செய்து, டிசி காட்டும் அளவைக் கெடுத்துவிடும்.

ஆனாலும் வைத்துப் பார்த்தேன். 2 ஓம். மண்ணின் தடை இவ்வளவு குறைவு என்றால் அருமையான எர்த்.

வயரை மாற்றிப் பிடித்தேன். 58.

ஒரே மண், இரண்டு எண். எதையும் நம்ப முடியாது.

போன் அடித்தது. சூப்பர்வைசர் பாண்டியராஜ்.

"அண்ணாச்சி, முடிஞ்சுதா? ரெண்டு மணிக்குத் தண்ணி ஏத்தணும்லா."

"முடிஞ்சிட்டு," என்றேன்.

சான்றுத் தாளில் 2 ஓம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரம் சரியான டெஸ்டரோடு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மணி 1:10.

ம்ம்ம்ம்ம்…

முதுகுக்குப் பின்னால் மோட்டார் ஓடும் சத்தம். சட்டைப் பையைத் தொட்டேன். நான் கழற்றி வைத்த மூன்று ஃபியூஸும் அங்கேதான் இருந்தன. அது ஓடவே முடியாது…

திரும்பினேன்.

ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, ஈரக் கால்கள். வலது கை மோட்டார் மேல். சுற்றிலும் வெட்டவெளிப் பாத்திகள். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் தெரிந்திருக்கும்.

"ஏளா, கைய எடு. இங்கன வேலை நடக்கு."

எடுக்கவில்லை. விரல்கள் இரும்பை இறுக்கிக்கொண்டிருந்தன. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"எடுக்க… முடியலண்ணே…"

குரல் கேட்டது. அவள் வாய் அசையவில்லை.

என் காலடியில் காய்ந்த பலகை கிடந்தது. அதை எடுத்து அவள் கையைத் தள்ளிவிட வேண்டும். என் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த பாடம்.

நான் குனியவில்லை.

ஓடினேன்.

ரோட்டில் ஏறித்தான் திரும்பிப் பார்த்தேன். ஷெட்டில் ஆள் இல்லை. சத்தமும் இல்லை. ஆபீஸில் பாண்டியராஜிடம் சான்றையும் ஃபியூஸ்களையும் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்த வாரம் நான் அங்கே போகவில்லை. போகப் பயம். காரணம் சொல்ல வெட்கம்.

மே 18. மதியம் 1:10. அதே ஷெட்டில், அதே மோட்டாரில் கரண்ட் பிடித்து ஒரு தொழிலாளி இறந்துபோனாள். சந்தனச்செல்வி, வயது 34. ஈரக் கையோடு தொட்டது அவள் தப்பு என்றார்கள். விசாரணையில் என் தாளைக் காட்டிக் கேட்டார்கள்.

"எர்த் சரியாத்தான் இருந்துச்சு," என்றேன்.

பதினாறாம் நாள், உண்மையைச் சொல்லிவிடுவது என்று அவள் வீட்டுக்குப் போனேன். சுவரில் மாலை போட்ட படம். நான் பார்த்த அதே முகம்.

அவளுடைய அக்கா ஜெயசெல்வி வந்தாள்.

"நீங்க யாரு?"

"அளத்துல… கூட வேலை பாத்தேன்."

அங்கேயும் பொய்தான் வந்தது.

அவள் உட்கார்ந்தாள்.

"ஒம்பதாந்தேதி எம் மவளுக்குப் பொறந்தநாளு. தங்கச்சி அன்னைக்கு அளத்துக்குப் போகல. விளாத்திகுளத்துல எங்க வீட்டுலதான் இருந்தா. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவ, அலறிக்கிட்டு எந்திரிச்சா. வலது கை வெறைச்சுக் கெடந்துச்சு. 'கைய எடுக்க முடியலக்கா… ஒருத்தரு பாத்துக்கிட்டே நின்னாரு… ஓடிட்டாரு'ன்னு அழுதா."

நான் வாசல் பக்கம் பார்த்தேன்.

"மொகம் தெரிஞ்சுதாளான்னு கேட்டேன்," என்றாள் ஜெயசெல்வி. "நல்லாத் தெரிஞ்சுதுன்னா."

அதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.