செரிக்காத கல்

எண்பதுகளில் நான் திண்டுக்கல்லில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். என் அண்ணன் ஊருக்கு வெளியே கல் உடைக்கும் கிரஷரில் வேலை பார்த்தான். மூஞ்சியில் கட்ட ஒரு துணி கொடுக்க வக்கில்லாத காண்ட்ராக்டர், சாயங்காலமானால் ஆளுக்கொரு வெல்லக்கட்டி கொடுப்பான். உள்ளே போன தூசியை அது இழுத்துக்கொண்டு போய்விடுமாம். மூச்சு போகிற வழி வேறு, சோறு போகிற வழி வேறு என்று தெரியாத மடையனா அவன்? எல்லாம் தெரிந்த படுபாவி.

அண்ணனுக்கு விடாத இருமல் வந்தது. டி.பி. என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். மதினி அவனுடைய தட்டையும் டம்ளரையும் மாட்டுக்கொட்டகைப் பக்கம் ஒதுக்கி வைத்தாள். பிறகு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேடசந்தூரில் அம்மா வீட்டுக்கே போய்விட்டாள். அண்ணன் பிள்ளையைக் கேட்டுக் கேட்டு உருகினான். மாத்திரை தின்றும் தேறவில்லை. எனக்கு மதினியைக் கன்னத்தில் அறையலாம்போல் இருந்தது.

அண்ணனுடைய எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு நான் மட்டும் மதுரைக்குப் போனேன். அங்கே ஒரு டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "இது டி.பி. இல்லம்மா, கல்லுத்தூசி. யாருக்கும் ஒட்டாது" என்றார். நுரையீரலில் மேக்ரோபேஜ் என்ற அணுக்கள் உண்டு. உள்ளே வருகிற கிருமியை விழுங்கிச் செரிப்பதுதான் அவற்றின் வேலை. பரீட்சைக்கு நான் நெட்டுருப் போட்ட பாடம்.

"கிருமி செரிக்கும். கல்லு செரிக்காதும்மா. தின்ன அணு செத்துரும், தூசி வெளிய விழும். அதை இன்னொண்ணு வந்து திங்கும், அதுவும் சாகும். அந்த இடமெல்லாம் தழும்பாகி நுரையீரலே இறுகிப் போயிரும்."

காப்பாற்ற வந்ததே கழுத்தை நெரிக்கிறது. அட, என்ன உடம்பு இது! ஆனால் அப்போது என் காதில் நின்றது 'ஒட்டாது' மட்டும்தான்.

மறுநாளே வேடசந்தூருக்குப் பஸ் ஏறினேன். "டி.பி.யே இல்லையாம் மதினி. எங்கண்ணனை நாயி மாதிரி ஒதுக்கி வச்சது போதும், கெளம்புங்க" என்று வாசலில் நின்றே கத்தினேன். மதினி தலையில் அடித்துக்கொண்டு அழுதபடி கூடவே வந்தாள்.

அண்ணன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டான். மதினி பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினாள். டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"அப்ப அந்த மாத்திரை வேணாமா?"

"வேணாம்ணே."

மதினி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சரி தாயி. டி.பி.க்காவது மாத்திரை இருந்துச்சு. இதுக்கு என்ன குடுத்தாரு?"

"ஒண்ணும் குடுக்கலண்ணே" என்றேன்.

சோற்றைப் பிசைந்த கை நின்றது. அழ ஆரம்பித்த பிள்ளையை வாங்கக் கை நீட்டினேன். அண்ணன் கொடுக்கவில்லை.