கோட்டைத் தோட்டத்தின் நடுப்பாதை

கோட்டை என்றுதான் ஆக்லாந்தில் அதை எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையில் அது பழைய காலத்துப் பணக்காரர் ஒருவர் கடலைப் பார்த்த மேட்டில், மூலைக்கொரு கோபுரம் வைத்துக் கட்டிய பெரிய கல்வீடு. இப்போது அதில் யாரும் குடியில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். வீட்டைவிட முன்னால் இருக்கும் தோட்டத்துக்குத்தான் பேர் அதிகம். இடுப்பளவுக்குச் சீராக வெட்டிய பச்சை வேலிகள், வேலிக்குள் ரோஜாப் பாத்திகள், வெளிக்கதவிலிருந்து வீட்டுப் படிவரை ஒரே நேராகப் போகும் அகலமான சரளைப் பாதை.

முதல் தடவை தனியாகப் போனபோது வீட்டுக்குள் நுழையாமலே திரும்பிவிட்டேன், ஆனால் அந்தப் பாதை எனக்குள் ஒரு ஆசையைக் கிளப்பிவிட்டது. ஊரிலிருந்து அப்பா வரும்போது, காலில் ஷூவோடு, நடுப்பாதையில், வீட்டு வாசல்வரை அவரை நடக்க வைக்க வேண்டும்.

எங்கள் ஊரில் ஒரு ஜமீன் அரண்மனை உண்டு. அதன் வாசலைத் தாண்டும்போது எங்கள் தெருக்காரர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், ஓரமாகப் போக வேண்டும். அது அப்பாவின் சின்ன வயசில் இருந்த கட்டுப்பாடு. நான் கல்லூரிக்குப் போன காலத்தில் அரண்மனைக்காரர்கள் சென்னைக்கே குடிபோய்விட்டார்கள். கதவில் பூட்டுத் தொங்கியது. கேட்க ஆள் இல்லை. அப்போதும் அப்பா கழற்றினார். நான் கழற்றக் குனிந்தால் மட்டும் தடுத்துவிடுவார்.

"நீ போட்டுக்கிட்டு நட. நீ படிச்சவன்."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பூட்டிய கதவுக்கு முன்னால் நான் செருப்போடும் அவர் வெறுங்காலோடும் பக்கத்தில் பக்கத்தில் நடந்து போவோம். அதைப் பற்றி ஒரு நாளும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

தங்கைக்குப் பிரசவ நேரம் என்று அம்மா வரவில்லை. அப்பா மட்டும் விசிட்டர் விசாவில் வந்தார். பக்கத்து மனுரேவாவில் ஒரு கடையில் அவருக்குக் குளிருக்கு ஒரு கறுப்பு ஷூ வாங்கினேன். வீட்டுக்குள் நடந்து நடந்து பழகிக்கொண்டார். ஒரு ஞாயிறு காலை, நான் குடியிருக்கும் பாபகூராவிலிருந்து கோட்டைக்குக் கிளம்பினோம்.

வெளிக்கதவருகே வந்ததும் அப்பா நின்றுவிட்டார்.

"யாரு வீடு தம்பி?"

"யாரு வீடும் இல்லப்பா. பொது இடம்."

"பொது இடம்னா இம்புட்டுச் சுத்தமாவா இருக்கும்?"

சொல்லிக்கொண்டே குனிந்து நாடாவை அவிழ்த்தார்.

"அப்பா, வேணாம். இங்க அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது."

"தெரியும்ப்பா. காலு கேக்க மாட்டேங்குது."

"கல்லு குத்தும்."

"இத்தன நாளு பஞ்சுலயா நடந்தேன்?"

ஷூ இரண்டையும் ஒரு கையில் தூக்கிக்கொண்டு, வேலிக்கு அந்தப் பக்கம் புல்லில் இறங்கி ஓரமாக நடந்தார். நான் பிடிவாதமாக நடுப்பாதையிலேயே போனேன். எனக்கும் அவருக்கும் நடுவில் இடுப்பளவு வேலி. என் ஷூவுக்கடியில் சரளை நொறுங்கும் சத்தம் தோட்டம் முழுக்கக் கேட்பதுபோல இருந்தது. அவர் பக்கத்தில் சத்தமே இல்லை.

எதிரே அரைக்கால் சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரப் பையன், அவனும் வெறுங்காலோடு, பாதையின் நடுவில் வந்தான். இந்த ஊரில் சூப்பர் மார்க்கெட்டுக்கே அப்படி வருகிறவர்கள் உண்டு. அதனால் அப்பாவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அந்தப் பையனுக்கு அது வெறும் கால். அப்பா இந்தத் தூர தேசத்திலும் அந்தப் பூட்டிய கதவைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுப் படியில் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். விடுமுறை நாட்களில் வந்து உதவுகிறவர். எங்கள் பேச்சைக் கேட்டதுமே எழுந்துவிட்டார். பேச்சில் யாழ்ப்பாணம்.

"தமிழோ? வாங்கோ ஐயா, வாங்கோ. அட, நீங்கள் சப்பாத்தை முதலே கழட்டிப்போட்டியளே."

அப்பா ஷூவை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "தப்புங்களாம்மா?"

"என்ன தப்பு? உள்ளுக்குப் பழைய பலகை, கீறல் விழும். வாற ஆக்கள் எல்லாரும் இஞ்சை கழட்டிப்போட்டுத்தான் போகவேணும்."

"எல்லாருமா?"

"ஓம், எல்லாரும். போன கிழமை ஒரு மந்திரி வந்தவர். அவரின்ர காலுறையில ஓட்டை, பெருவிரல் வெளியால. பாவம், விரலை மடக்கி மடக்கி நடந்து திரிஞ்சார்."

அப்பா சிரிக்கவில்லை. "மந்திரிய நீங்களா கழட்டச் சொன்னீங்க?"

"பின்னை? விடுவமோ?"

அப்போது கனமான கோட்டுப் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் படியேறி வந்தார். கைப்பிடி இல்லாத படி. ஒரு காலைத் தூக்கிப் பூட்ஸை இழுத்தவர் தடுமாறினார். பக்கத்தில் நின்றது அப்பா. "முழங்கால் சரியில்லை, மன்னிக்கணும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அப்பா விறைத்துப் போனார். பெரியவர் முனகிக்கொண்டே ஒரு பூட்ஸ், அப்புறம் மறு பூட்ஸ் என்று முழுப் பாரத்தையும் அந்தத் தோளில் போட்டுக் கழற்றினார். மெதுவாக, பாரம் கூடக்கூட, அப்பா கால்களை அகல வைத்துக்கொண்டார். கடைசியில் தன் கையை உயர்த்திப் பெரியவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா. மெதுவாங்க," என்றார் தமிழில்.

பெரியவர் நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனார். அவருடைய பூட்ஸ் வாசலில் சாய்ந்து கிடந்தது. அப்பா அதை நிமிர்த்தி வைத்தார். பிறகு தன் ஷூவை அதற்குப் பக்கத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீயும் கழட்டுப்பா. எல்லாரும் கழட்டணுமாம்."

கழற்றினேன். அவரோடு சேர்ந்து ஒரு பெரிய வீட்டு வாசலில் நான் கழற்றுவதற்கு அவர் இடம் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

உள்ளே என்ன இருந்தது என்று எனக்கு அதிகம் நினைவில்லை. வெளியே வந்ததும் அப்பா படியின் நடுவில் உட்கார்ந்து ஷூவைப் போட்டுக்கொண்டார். நாடா கட்ட வெகுநேரம் ஆனது. வருகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவர் நகரவில்லை.

"வண்டி எங்க விட்ட?"

"நேரா, கதவுக்கு வெளிய."

எழுந்தார். படியிறங்கி, ஒரு நொடி புல் பக்கம் பார்த்தார். பிறகு சரளையில் கால் வைத்தார். நான் வேகத்தை மாற்றாமல் கூடவே நடந்தேன். பேசினால் நின்றுவிடுவாரோ என்று பயமாக இருந்தது. பாதி தூரம் போனதும் அவரே கேட்டார்.

"என்னப்பா, இம்புட்டுச் சத்தம் போடுது இந்தக் கல்லு?"

"போடட்டும்ப்பா."


"ம்," என்றார். நின்றுவிடவில்லை.