பேர் போட வேண்டாம் என்றேன்

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி மாதம். கல்வராயன் மலையில் விட்டு விட்டுத் தூறிக்கொண்டே இருந்தது. அங்கே ஒரு சின்ன ஊரில் நான் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். வீடு கீழே, கச்சிராயபாளையத்தில். காலையில் வெள்ளிமலை வரைக்கும் பெரிய பஸ், அங்கிருந்து ஊருக்கு ஒரு மினி பஸ். சாயங்காலம் அதே வழியில் இறங்கி வர வேண்டும்.

அந்த மினி பஸ்தான் எல்லா வம்புக்கும் காரணம். கள்ளக்குறிச்சியில் கல்லூரி முடிந்து வரும் மலைப் பிள்ளைகளை சாயங்காலம் ஏற்றிக்கொண்டு மேலே வரும். அவர்களை இறக்கிவிட்டு, என்னை ஏற்றிக்கொண்டு கீழே போகும். அந்த மாதத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் அது ஊர் வரைக்கும் வரவே இல்லை. இரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே கைகாட்டி முக்கில் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு, டிரைவர் நீளமாக ஒரு ஹாரன் அடிப்பார். மலையில் அது எங்களுக்கு நன்றாகவே கேட்கும். இன்றைக்கு வண்டி மேலே வராது, இறங்கி வா என்று அர்த்தம்.

பிள்ளைகள் அங்கிருந்து மேலே ஏறுவார்கள், நான் கீழே இறங்குவேன். பாதி வழியில் இரண்டு தரப்பும் எதிரெதிரே சந்தித்துக்கொள்வோம், பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் மாதிரி. என்ன, சந்தனமும் கல்கண்டும்தான் இருக்காது. எல்லார் காலிலும் சேறு இருக்கும்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். முழங்கால் வலி வேறு. நடக்கிற நாளெல்லாம் அந்த டிரைவரைத் திட்டிக்கொண்டேதான் இறங்குவேன். நான் வந்து சேரும் வரைக்கும் அவர் வண்டியைக் கிளப்பாமல் காத்திருப்பார் என்பதெல்லாம் அப்போது என் கணக்கில் வரவில்லை. என்னை நடக்க வைத்தவர், காத்திருக்கட்டுமே என்றுதான் நினைப்பேன்.

ஒருநாள் அப்படி இறங்கும்போது கல்லூரிப் பெண் ஒருத்தி என்னை நிறுத்தினாள். சாமையும் மரவள்ளியும் போடுகிற வீட்டுப் பெண். அவளுடைய தம்பி என் மையத்தில் சத்துமாவு சாப்பிட்டு வளர்ந்தவன்.

"டீச்சர், ஒரு நிமிஷம் நில்லுங்க. எங்க காலேஜ்ல பசங்களே ஒரு பத்திரிகை போடறோம். அதுக்கு இந்த பஸ் விஷயத்த எழுதிக்கினு இருக்கேன். நீங்க பேசறத போன்ல பதிவு பண்ணிக்கலாங்களா?"

"என் பேரப் போடுவியா?"

"வேணாம்னா போட மாட்டேங்க."

பேர் இல்லை என்றதும் எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு தைரியம் வந்ததோ. தினமும் அதே வண்டியில், அதே டிரைவர் முகத்தைப் பார்த்துப் போய் வர வேண்டியவள் நான். பேர் தெரிந்தால்தானே பயம்? கொட்டித் தீர்த்தேன்.

"ஏன் மேல வரலன்னா கேக்கற? வண்டி ஏறாதா இன்னா? பொழுது சாஞ்சா அந்தாளுக்குக் கை நடுங்குதும்மா. ஊத்திக்கிறதுக்கு லேட் ஆயிடும்னு பாதியிலயே திருப்பிடறான். நான் சொல்லல, ஊரே சொல்லுது."

அவள் பதிவை நிறுத்தினாள். நன்றி சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனாள். எனக்கு மனசுப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. கைகாட்டிக்கு வந்தபோது டிரைவர் செல்போன் வெளிச்சத்தைக் கீழே பிடித்துக்கொண்டு, "பாத்து ஏறுங்க டீச்சர், படியில சேறு" என்றார். எனக்கு ஒரு துளி உறுத்தல் இல்லை. ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து நிம்மதியாக வீடு வந்து சேர்ந்தேன்.

அந்த சனிக்கிழமை மதியம் அவள் மையத்துக்கே வந்துவிட்டாள். சாப்பாடு முடிந்து குழந்தைகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சமையலுக்கு உதவியாக இருக்கும் அம்மா பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அந்த ஊர்க்காரர்தான்.

"அச்சுக்குப் போறதுக்கு முன்ன, நீங்க பேசுனத உங்களுக்கே படிச்சுக் காட்டணும் டீச்சர். எங்க பத்திரிகையில அப்படித்தான் வெச்சிருக்கோம்" என்றாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. படி என்றேன். 'பெயர் கூற விரும்பாத பயணி ஒருவர்' என்று ஆரம்பித்து, நான் பேசியதை ஓர் எழுத்து மாறாமல் மெல்லிய குரலில் படித்தாள். கடைசி வரிக்கு வந்தபோது பின்னால் பாத்திரச் சத்தம் நின்றது. உதவியாளர் அம்மா ஈரக் கையோடு வாசலில் வந்து நின்று, வாய்விட்டுச் சிரித்தார்.

"நான் சொல்லல, ஊரே சொல்லுதா? இது யாரு பேசுனதுன்னு கண்ண மூடிக்கினு சொல்லுவேனே! நம்ம டீச்சர வுட்டா இந்த மலையில வேற யாரு இப்படிப் பேசறாங்க?"

சிரிப்புச் சத்தத்தில் ஒரு குழந்தை எழுந்து அழுதது. அதைத் தூக்கித் தட்டும்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அவர்களுடைய பத்திரிகை கல்லூரியோடு நிற்காது, வாட்ஸ்அப்பில் மலை முழுக்கச் சுற்றும். டிரைவர் கையிலும் ஒரு போன் இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் நான் எந்த முகத்தோடு அந்தப் படியில் கால் வைப்பேன்? அந்த வண்டியை விட்டால் எனக்கு வேறு வண்டி கிடையாது. வண்டி இல்லை என்றால் இந்த வேலையும் கிடையாது.

"எடுத்துடு, எல்லாத்தையும் எடுத்துடு" என்றேன்.

"எடுத்துடறேங்க. அதுக்கு முன்ன ஒண்ணே ஒண்ணு" என்று அவள் என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். "குடிக்கறாருன்னு சொன்னீங்களே, நீங்க பாத்தீங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. என் வயசென்ன, இவள் வயசென்ன, என்னையே குறுக்கு விசாரணை செய்கிறாளே என்று தோன்றியது.

"ஊரே சொல்லுதும்மா."

"ஊர்ல யாருங்க?"

யோசித்துப் பார்த்தேன். வெள்ளிமலை டீக்கடையில் யாரோ ஒருவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முகம்கூட எனக்கு ஞாபகம் இல்லை. ஆறு வருஷமாக அந்த வண்டியில் போய்வருகிறேன். ஒருநாளாவது அவர் பக்கத்தில் வாடை அடித்திருக்கிறதா? இல்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. குழந்தையின் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

அவளே பேசினாள். "நீங்க பாத்திருந்தீங்கன்னா கட்டாயம் எழுதணும் டீச்சர். எங்க உசுரும் அந்த வண்டியிலதான் போவுது. ஆனா பாக்காம எழுதுனா, திங்கக்கிழமையே ஓனரு அவர வூட்டுக்கு அனுப்பிடுவாரு. அதுக்கப்புறம் அவரு குடிக்கலன்னு நிரூபிக்க முடியுமாங்க? அவருகிட்டயும் போய்ப் பேசிட்டுத்தான் வந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அவருகிட்டயா? இன்னா சொன்னாரு?"

"அது அவரு சொன்னதுங்க. நீங்க பேசுனத அவருகிட்ட சொல்லல. அவரு பேசுனத உங்ககிட்ட சொல்ல மாட்டேன்."

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. இவளுக்கு என்ன அழுத்தம் பார் என்று ஒரு நிமிஷம் மனசு கொதித்தது. கொதிப்பு அடங்கியதும்தான் உறைத்தது. அவரிடம் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசிவிட்டு வந்திருக்கிறாள். அங்கே என் பேச்சு ஒரு வார்த்தை கசியவில்லை. அந்த அழுத்தத்தால்தான் நான் இப்போது தப்பித்து உட்கார்ந்திருக்கிறேன்.

உதவியாளர் அம்மா சொன்னார், "எப்படியும் கண்டுபுடிச்சிடப் போறாங்க, பேரையே போடச் சொல்லிடுங்க டீச்சர்." விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது சரி என்று பட்டது. கஷ்டம் நெசம்தானே? நடக்கிற கால் என் கால்தானே? அதை நான் ஏன் ஒளிந்துகொண்டு சொல்ல வேண்டும்?

"என் பேரையும் வேலையையும் போட்டுக்கோ. மொதல்லருந்து சொல்றேன், எடு போனை" என்றேன்.

இரண்டாவது தடவை பேசுவது லேசாக இல்லை. முதல் தடவை அருவி மாதிரி வந்த பேச்சு, பேர் போடப் போகிறார்கள் என்றதும் ஒவ்வொரு வார்த்தையாக நின்று நின்று வந்தது. இத்தனை நாள் நடந்தேன், இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரைக்கும், மழையில் எப்படி இருந்தது, கூட நடந்த பிள்ளைகள் யார் என்று சொன்னேன். நடுவில் பழக்கதோஷத்தில் ஓனரைப் பற்றி ஒன்று இழுத்துவிட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "அதையும் நீங்க பாத்தீங்களா டீச்சர்?" என்றாள். உதவியாளர் அம்மா மறுபடியும் சிரித்தார். இந்தத் தடவை நானும் சிரித்துவிட்டேன்.

"சரி, வண்டி ஏன் மேல வர்றதில்லன்னு நீங்க நெனைக்கறீங்க?" என்று கடைசியாகக் கேட்டாள்.

"தெரியல. அவரு ஏன் திருப்பறாருன்னு எனக்குத் தெரியாது" என்றேன். சொல்லும்போது எனக்கே அது புது வார்த்தை மாதிரி இருந்தது. தெரியாது என்று நான் அதிகம் சொல்லிப் பழகியவள் இல்லை. அவள் அதையும் எழுதிக்கொண்டு, முழுவதையும் எனக்கு மறுபடி படித்துக் காட்டிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் பத்திரிகை வந்தது. என் பேரும் என் பேச்சும் நடுப்பக்கத்தில் இருந்தன. அதற்குக் கீழே வண்டி ஓனரின் பேச்சு, அவரும் பேரோடுதான். ஆள் கம்மியாக இருக்கிற நாளில் மேலே ஏறி இறங்கினால் டீசலுக்கே கட்டுவதில்லை, அதனால் கைகாட்டியிலேயே திருப்பச் சொன்னது நான்தான் என்று ஒப்புக்கொண்டிருந்தார். டிரைவர் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. அவர் அந்தப் பெண்ணிடம் என்னதான் சொன்னார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இத்தனை நாள் எல்லாரிடமும் பேச்சு வாங்கிக்கொண்டு ஏன் வாயைத் திறக்காமல் இருந்தார் என்பது மட்டும் புரிந்தது. முதலாளி சொன்னதை வெளியே சொன்னால் அவர் பிழைப்பு என்ன ஆகும்?

அன்று சாயங்காலம் வண்டி ஊர் வரைக்கும் வந்தது. பிள்ளைகள் இறங்கினார்கள். கடைசியாக அவளும் இறங்கினாள். நான் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தேன். டிரைவர் வண்டியை எடுக்காமல் திரும்பிப் பார்த்தார்.

"படிச்சேன் டீச்சர்."

பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"ஏன் திருப்பறாருன்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்லியிருந்தீங்க. இந்த லைன்ல எல்லாருக்கும் தெரியுமாம். குடிகாரன்றான், சோம்பேறின்றான். எம் பொண்ணு காதுலயே வுழுது. தெரியாதுன்னு சொன்னது நீங்க ஒருத்தருதாங்க. வூட்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டுனேன்."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்தப் பெண் ரோட்டோரம் நின்று துப்பட்டாவைத் தலைக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் காதிலும் அது விழுந்திருக்க வேண்டும். என்னை ஒரு தரம் பார்த்தாள். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. பையை மாட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

இப்போதும் அதே வண்டி, அதே டிரைவர். பலத்த மழை நாளில் சில சமயம் வண்டி மேலே வருவதில்லை. அன்றைக்கெல்லாம் முன்கூட்டியே எனக்குப் போன் செய்து சொல்லிவிடுகிறார். தன்னைப் பற்றித் தெரியாததைப் பேசாத ஒரு டீச்சர் இந்த மலையில் இருப்பதாக அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். அந்த டீச்சராக இருப்பதற்கு நான் இன்றும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பாடுபட வேண்டியிருக்கிறது.